இரண்டு மொட்டைத் தலைகள்

மழித்த தலையில் பூசிய சந்தனம் காயக் காய, தலைத்தோலை யாரோ நான்கு பக்கமும் மெல்லப் பிடித்து இழுப்பது மாதிரி ஓர் இறுக்கம் தெரியும். வெயிலில் வியர்த்தால் அதுவே இளகிக் காதோரம் வழிந்து, கழுத்து மடிப்பில் போய்ப் பொருக்காக நிற்கும். சிறு வயதில் மொட்டை போட்டுக்கொண்ட யாருக்கும் இது புதிய சங்கதி இல்லை. அந்தச் சந்தன வாசம் மற்றவர்களுக்குக் கோயிலையும் கறிச்சோற்றையும் நினைவூட்டும் என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் மதுரைப் பெரியாஸ்பத்திரியின் வராந்தாவும், அங்கே ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்த தரையும், பட்டுப் பாவாடையோடு ஒரு பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததும்தான் நினைவுக்கு வரும்.

நான் இப்போது கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். விளையாட்டு மைதானத்தில் எந்தப் பிள்ளையாவது விழுந்து தலையில் அடிபட்டுவிட்டால் போதும், என்னுடைய முகமே மாறிவிடும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். 'டீச்சருக்கு ஸ்கேன் பைத்தியம்' என்று எனக்கு ஒரு பெயரே உண்டு. பிள்ளை எழுந்து ஓடுகிறதே, சிரிக்கிறதே, ரத்தம்கூட வரவில்லையே, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று பெற்றோர்களே என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. ஒரு தடவை உட்கார்ந்து முழுசாக எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்பவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்துகொள்ளலாம்.

எனக்குக் காது குத்தியது ரொம்பத் தாமதமாக. கைக்குழந்தையிலேயே நடந்திருக்க வேண்டியது, பங்காளி வீடுகளில் அடுத்தடுத்து விழுந்த சாவுகளாலும் அதையொட்டி வந்த தீட்டுகளாலும் தள்ளிக்கொண்டே போய், நான் நன்றாக விவரம் தெரிந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பிள்ளையாகிவிட்டேன். வகுப்பில் வெறுங்காதோடு இருந்த ஒரே பெண் நான்தான். எங்கள் வீடு கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில். சமண மலை அடிவாரத்துக் கோயிலில்தான் எங்கள் ஆட்களுக்கு முடி இறக்குவதும் காது குத்துவதும். அந்த வருஷம் பங்குனியில் எப்படியும் முடித்துவிடுவது என்று அப்பா தீர்மானித்தார்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்பது பிள்ளையின் விசேஷம் மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் அது தாய்மாமனுடைய விசேஷம். 'சீர்' கொண்டு வருவது அவர். பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தக் கொடுப்பதும் அவர். 'மடி கொடுப்பது' என்று அதற்குப் பெயர். அப்பா அம்மா ஓரமாக நின்றுகொண்டாலும் ஒன்றும் குறையில்லை, மாமன் மடி இல்லாமல் ஊசி காதில் ஏறாது. என் அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு தம்பி, தவமணி மாமா. பரவை காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூவுகிற வேலை அவருக்கு. விடிகாலையில் மூட்டைகளை அவிழ்த்துக் குவித்ததும், குவியலுக்குப் பக்கத்தில் நின்று மாமா குரல் எடுத்தால் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளே கேட்கும் என்பார்கள். கத்திரி என்று பொதுவாகச் சொல்லமாட்டார். எந்த ஊர்க் கத்திரி, எந்தத் தண்ணீரில் விளைந்தது, முள் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் விலையோடு சேர்த்து ஒரே மூச்சில் பாடுகிற மாதிரிச் சொல்வார். நான் விடுமுறைக்குப் போகும்போது எனக்காகவும் ஏலம் விடுவார். 'அக்கா மக, ஒரே மக, சோறு திங்காது, சொன்ன பேச்சுக் கேக்காது, கேளு, கேளு' என்று என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கூவ, மண்டியில் இருப்பவர்கள் ஆளுக்கொரு விலை சொல்லிச் சிரிப்பார்கள்.

சீர் பரவையிலிருந்து டிராக்டரில் வந்தது. தாம்பாளங்களும் ஆட்டுக்கிடாயும் மேளக்காரர்களும் சொந்தக்காரர்களும் டிராக்டருக்குப் பின்னால் கோத்த 'பெட்டி'யில் நிறைந்திருக்க, மாமா மாலையும் கழுத்துமாகப் பின்பக்கத் தகட்டில் நின்றுகொண்டு வந்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு வேட்டி கசங்கிவிடும் என்றாராம். எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் டிராக்டர் இறங்கி ஏறியது. பிடி நழுவி மாமா பின்பக்கமாகச் சரிந்து, பாலத்துக் கட்டையில் தலையின் இடது பக்கம் மோத விழுந்தார். நான் பார்க்கவில்லை. மொட்டையும் சந்தனமுமாகக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் பிறகு வருஷக்கணக்கில் சொன்னதில், நானே அந்தப் பாலத்தில் நின்றது மாதிரி ஆகிவிட்டது.

விழுந்தவர் கொஞ்ச நேரம் கண் திறக்கவில்லை. 'கண்ணு சொருகிப் போச்சு' என்றார்கள். யாரோ சோடாவை உடைத்து முகத்தில் அடித்ததும் விழித்து, எழுந்து உட்கார்ந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மாலை நசுங்கிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார். தலையைத் தடவிப் பார்த்தார்கள். காதுக்கு மேலே ஒரு புடைப்பு, ரத்தம் இல்லை. எல்லோருக்கும் உயிர் வந்தது. டிராக்டர் ஓட்டி வந்தவர் மட்டும், எதற்கும் நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். கிளம்பிய சீர் பாதி வழியில் திரும்பக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். மாமாவே அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

"எங்கக்கா மக மொட்டையோட உக்காந்திருக்கு. மடி குடுத்துட்டு வாரேன். அப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க."

ரத்தம் வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நான் அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தோல் கிழிந்து ஒழுகும் ரத்தம் பார்க்கத்தான் பயம், தைத்தால் நின்றுவிடும். வெளியே வராத ரத்தம் எங்கே போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. மண்டை ஓட்டுக்கும் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் நடுவில் அது சொட்டுச் சொட்டாகச் சேரும். சேருகிற வரைக்கும் அடிபட்டவர் நடப்பார், பேசுவார், கேலிகூடச் செய்வார். அந்த நல்ல பொழுதை நம்பித்தான் எத்தனையோ வீடுகள் ஏமாந்து போகின்றன, எங்கள் வீட்டையும் சேர்த்து.

மாமா வந்தார். மேளம் முழங்க, வெடி வெடிக்க, தாம்பாளங்கள் வரிசையாக வர, நடுவில் சிரித்துக்கொண்டே வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ரோஜா மாலையின் மணமும் புது வேட்டியின் கஞ்சி வாசமும் இன்னும் மூக்கில் இருக்கின்றன. ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் திமிறினேன். மாமா தாடையை என் மொட்டைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டார், என் சந்தனம் அவர் மீசையில் ஒட்டியது.

"வலிக்காது தாயி. நான் இருக்கேன்ல."

வலித்தது. இரண்டு காதும் குத்தி முடிக்கிறவரை கத்தித் தீர்த்தேன். அழுகை நின்று நிமிர்ந்தபோது அவருடைய காதுக்கு மேல் இருந்த புடைப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அரை எலுமிச்சம்பழம் அளவு. நான் விரலை வைத்தேன், அவர் தலையை விலக்கிக்கொண்டார்.

புளியமரங்களுக்குக் கீழே பந்தி ஓடியது. மாமா சாப்பிட உட்காரவில்லை. தலை வலிக்கிறது என்று ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டார். யாரோ தலைவலி மாத்திரையும் காப்பியும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விசேஷ வீடுகளில் காட்டுப் பக்கம் ஒதுங்கி ஊற்றிக்கொண்டு வருவது எங்கள் ஆண்களுக்குப் பழக்கம்தான், மாமாவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அதனால் அவர் கால் பின்னி நடந்ததையும், பேச்சுக் குழறியதையும், அப்படியே சரிந்து படுத்ததையும் பார்த்த யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அப்பாவுக்குக் கோபம். புள்ள காதுகுத்திலேயுமா என்று முணுமுணுத்தார். ஆனாலும் நாலு பேரோடு சேர்ந்து மாமாவை நிழலுக்குத் தூக்கிப் போட்டு, தலைக்குத் துண்டு மடித்து வைத்து, தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார். மாமா குறட்டை விட ஆரம்பித்தார். நன்றாகத் தூங்குகிறார் என்றார்கள்.

ஈஸ்வரி அத்தைதான் வந்தார், மாமாவின் மனைவி. சீர்த் தட்டுகளைப் பிரித்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, இவரைச் சாப்பிடக் கூப்பிட வந்தவர். மடி கொடுப்பதற்காக அந்தக் கோயிலுக்கு மாலை போட்டு விரதம் தொடங்கியதிலிருந்து குடிக்கமாட்டேன் என்று மாமா அத்தையிடம் சொல்லியிருந்தார். இதற்கு முன்னாலும் அப்படிச் சொல்லிவிட்டுக் குடித்தவர்தான். அதனால் அத்தைக்கும் சந்தேகம். எங்கள் பெண்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியத்தை, அத்தை அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தார். மண்டியிட்டு, மாமாவின் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். யாரோ கனைத்துச் சிரித்தார்கள். அத்தை இன்னொரு முறை மோந்தார். பிறகு மாமாவின் கன்னத்தில் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை அத்தை மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மாமா கண் திறக்கவில்லை. அத்தை எழுந்து அப்பாவிடம் வந்தார்.

"வாயில வாடை இல்லண்ணே."

அப்பாவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"அவுக குடிக்கல. இது தூக்கம் இல்ல. வண்டிய எடுங்க."

சமையல்காரருடைய வேனிலிருந்து அண்டாக்களைக் கீழே உருட்டிவிட்டு, சாம்பார் சிந்திய தகரத்தில் வைக்கோலைப் பரப்பி மாமாவைக் கிடத்தினார்கள். அம்மாவின் இடுப்பை விடாமல் நான் பிடித்துக்கொண்டிருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் யாரோ மாமாவின் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்க்க, அத்தை கையைத் தட்டிவிட்டார். அது ஏன் சரியான காரியம் என்று அத்தைக்கே அன்றைக்குத் தெரியாது. முழுங்குகிற நினைவு இல்லாதவருக்கு ஊற்றும் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும் என்பதை நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் மாமாவின் கண் இமையை விலக்கி டார்ச் அடித்தார். ஒரு கண்ணின் பாவை சுருங்கியது. இன்னொன்று விரிந்தபடியே நின்றது. அதைப் பார்த்ததும் அவருடைய நடை ஓட்டமாக மாறியதை நான் பார்த்தேன். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதும், அதற்குப் பிறகும், வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது குடித்திருக்கிறாரா என்பதைத்தான். அத்தை ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே கூட ஓடினார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் காட்டிய வெள்ளைத் திட்டு எனக்கும் தெரிந்தது.

"மண்டை ஓடு விரியாதும்மா," என்றார் அத்தையிடம். "உள்ள ரத்தம் சேரச் சேர மூளைதான் நசுங்கணும். ஓட்டைத் தொறந்து ரத்தத்தை எடுக்கணும். இப்பவே."

அம்மா என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தாள். என் காதுகள் கொதித்தன. தலையில் சந்தனம் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு நாள் என்னை வார்டுக்குள் கூட்டிப் போனபோது மாமாவும் மொட்டையாக இருந்தார், கட்டுக்குக் கீழே தெரிந்த இடமெல்லாம் வழுவழுவென்று. அடுத்த கட்டிலுக்குத் துணையாக இருந்த ஓர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எந்தக் கோயில்ல முடி எறக்குனீக?" என்று கேட்டது. அத்தை அங்கேதான் முதல் தடவை அழுதார்.

மூளையும் கன்றி வீங்கியிருந்ததால், எடுத்த எலும்பை உடனே திருப்பி வைக்க முடியாது என்றும், வீக்கத்துக்கு இடம் விட்டுத் தோலை மட்டும் மூடியிருக்கிறோம் என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் எலும்பு எங்கே என்று அப்பா கேட்டார். அவர் வயிற்றுக்குள்ளேயேதான் இருக்கிறது என்றார் டாக்டர். அடிவயிற்றுத் தோலுக்கு அடியில் கொழுப்புக்குள் செருகி வைத்திருக்கிறார்களாம். கெட்டுப்போகாது, தொலைந்தும் போகாது, வீக்கம் வடிந்து உடம்பு தேறியதும் எடுத்து இருந்த இடத்திலேயே பொருத்திவிடலாம். மாமன் தலை வயிற்றில் இருக்கிறது என்கிற செய்தி பரவைக்கும் கீழக்குயில்குடிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் பரவையில் மாமா வீட்டில் இருந்தேன். அவருடைய தலையின் இடது பக்கம் உள்வாங்கியிருந்தது. இருமினால் அந்தப் பள்ளம் எழும்பித் தாழும். அதைச் சுற்றிக் கேள்விக்குறி மாதிரி ஒரு தையல் வடு. துண்டு ஒன்றைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது என்று அத்தை கட்டுப்பாடு போட்டிருந்தார். பார்க்க வருபவர்கள் பள்ளத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். சட்டையைத் தூக்கினால் தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் விளிம்பு தெரியும். நானும் தொட்டிருக்கிறேன். கடினமாக, லேசாக வளைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கும் அவருக்கும் முடி ஒன்றாகவே முளைத்தது. மாலையில் இரண்டு பேரும் ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துக்கொள்வோம். என் தலையில் முள் மாதிரி எல்லா இடத்திலும் குத்தும். அவருடையதில் தையல் ஓடிய கோடு மட்டும் வழுக்கையாகவே இருந்தது.

பேச்சுதான் வரவில்லை. வராமல் இல்லை, மாறி வந்தது. தண்ணீர் வேண்டும் என்பதற்குச் சாவி வேண்டும் என்பார். என்னைப் பார்த்து வாயைத் திறந்து, பெயர் கிடைக்காமல், கையால் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்து, கடைசியில் கோபத்தில் தரையைக் குத்துவார். பேச்சு உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் அடிபட்டிருக்கிறது, பேசப் பழக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அத்தை தினமும் காலையில் மண்டியிலிருந்து காய்களை வாங்கி வந்து அவர் முன்னால் பரப்புவார். கத்திரியைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்பார். விலைக்கு முன்னால் ஊரையும் தண்ணீரையும் சொன்ன மனிதர் அந்தக் கத்திரியை உருட்டி உருட்டிப் பார்ப்பார். அது என்னவென்று அவருக்குத் தெரியும். காம்பைக் கிள்ளி, அமுக்கிப் பார்த்து, முற்றலைத் தனியே ஒதுக்கியும் வைப்பார். பெயர்தான் இல்லை. ஒரு நாள் தட்டோடு எல்லாவற்றையும் வாசலில் வீசியெறிந்தார். அதற்கு முன்பு மாமா ஒரு பொருளை வீசி யாரும் பார்த்ததில்லை. அத்தை தெருவில் உருண்ட தக்காளிகளைப் பொறுக்கி வந்து, கழுவி, மறுபடியும் பரப்பினார்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கைதான் இருந்தது: வயிற்றில் இருக்கும் எலும்பு தலைக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். திறந்து கிடக்கிற இடத்தின் வழியாகத்தான் பேச்சும் பொறுமையும் வெளியே போய்விட்டது மாதிரியும், மூடிவிட்டால் இனிமேல் தங்கும் என்பது மாதிரியும் பேசிக்கொண்டார்கள். மண்டி முதலாளிகூட, ஓட்டை மூடிட்டு வா தவமணி, உன் இடம் அப்படியேதான் இருக்கு என்றார். 'மூடுனதுக்கப்புறம்' என்பது அந்த வீட்டில் ஒரு தேதி மாதிரி ஆகிவிட்டது. மூடுனதுக்கப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, மூடுனதுக்கப்புறம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போவது. மாமாவும் அதை நம்பினார். வயிற்றைத் தட்டிக் காட்டி, தலையைக் காட்டி, பிறகு வாயைக் காட்டிச் சிரிப்பார்.

மழைக்காலம் தொடங்கும்போது மூடினார்கள். தலை அழகாக, உருண்டையாக, பழையபடி ஆனது. கட்டுப் பிரித்த அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அத்தை முந்தானையில் ஒரு கத்திரிக்காயை முடிந்துகொண்டு வந்திருந்தார். அதை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். கேட்கவில்லை, வெறுமனே வைத்தார். மாமா அதை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அத்தையின் முகத்தைப் பார்த்தார். காயைத் திருப்பி அத்தை கையிலேயே வைத்து மூடினார். டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, எலும்பு மூளைக்குக் கவசம்தான், கன்றிப்போன இடத்துக்கு மருந்து அது இல்லை என்று விளக்கினார். ஆளைக் காப்பாற்றியாயிற்று, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். அப்பா அதை எங்களிடம் வந்து சொல்லிவிட்டு, தனியே போய் விரல்விட்டு எதையோ எண்ணினார். மாமா மரத்தடியில் கிடந்தது எத்தனை நேரம் என்பதை அவர் கணக்குப் பார்க்கிறார் என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமே கேட்கவில்லை.

பேச்சு வந்தது, கொஞ்சம். சின்னச் சின்ன வாக்கியங்களாக, இடையில் நின்று நின்று. ஏலத்துக்கு அது போதாது. ஒரு நாள் சந்தைக்குப் போய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். வியாபாரிகள் மரியாதைக்காக அமைதியாகக் காத்திருந்தார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு அத்தை அதே மண்டியில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். பார்ப்பவர்களுக்கு மாமாவிடம் ஒரு குறையும் தெரியாது. கை கால் நன்றாக இருந்தது, முடி வளர்ந்து வடுவை மறைத்துவிட்டது. ஆம்பளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், பொம்பளை மூட்டை தூக்குகிறாள் என்று தெருவில் பேசினார்கள். உள்ளே பட்ட காயத்துக்குச் சாட்சி கிடையாது என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டேன்.

இடையில் ஒரு வருஷம், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை மாமாவே நிறுத்திவிட்டார். பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்து, கை கால் வெட்டி இழுத்தது. கூடியவர்கள் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்கவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தை போய்ச் சேர்ந்தபோது அந்தச் சாவி யாருடையது என்று தெரியாமல் ஒருவர் தேடிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து மாத்திரையை அத்தையே கையில் வைத்து, விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். பழைய பழக்கத்தில் ஒரு தரம் மோந்தும் பார்த்துக்கொள்வார். அடிபட்ட மூளைக்குக் குடி ஆகாது என்று சொன்னதிலிருந்து மாமா தொட்டதே இல்லை, அது அத்தைக்கும் தெரியும்.

அத்தை போன வருஷம் இறந்துபோனார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். இத்தனை வருஷம் ஒரு மனிதரைத் தூக்கிச் சுமந்தவர், தன் உடம்பில் எது முதலில் ஓய்ந்தது என்று சொல்லக்கூட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்தார். மாமா இப்போது எங்களோடு கே.கே. நகரில் இருக்கிறார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கிறேன். கோபம் வந்தால் தட்டு பறக்கும், பிறகு அவரே பொறுக்குவார். பள்ளிக்கூடம், வீடு, அவர், திரும்பவும் பள்ளிக்கூடம். எனக்குச் சோர்வாக இருக்கிறது என்று சொல்வதில் வெட்கமில்லை. பாசம் இருக்கிறது, சோர்வும் இருக்கிறது. ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லாமல் போய்விடுவதில்லை.

சென்ற மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். டிராக்டர் இல்லை, மேளம் இல்லை. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது, அவளுக்கு மடி கொடுக்கத் தாய்மாமனும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் குத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு அழக்கூட அவகாசம் இருப்பதில்லை. மாமாவை வீட்டில் தனியே விட முடியாது என்பதால்தான் கூட்டிப் போனேன். நர்ஸ் என் மகளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். மாமா அதற்குள் முந்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை இழுத்துச் சரிசெய்து, மடியைத் தட்டிக் காட்டினார். நர்ஸ் என்னைப் பார்த்தார். உட்காரட்டும் என்றேன். மகள் ஏறி உட்கார்ந்ததும் மாமா தாடையை அவள் தலையில் வைத்து அழுத்திக்கொண்டார். வார்த்தைக்கு வழக்கம் போலத் தேடினார். கிடைத்தது.

"வலிக்காது. நான்... இருக்கேன்ல."

அவருக்கு என் காதுகுத்து ஞாபகம் இல்லை. டிராக்டரில் ஏறியதும் இல்லை, பாலமும் இல்லை, மடி கொடுத்ததும் இல்லை. விழுந்ததற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த அந்த ஒரு நாளை மூளை அப்படியே விட்டுவிட்டது, திரும்ப வராது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். தன் உயிரையும் குரலையும் பணயம் வைத்து அவர் எனக்குக் கொடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. அதனால் மாதத்துக்கு ஒரு முறையாவது என் காதைப் பார்த்துவிட்டுக் கேட்பார். கிளினிக்கிலிருந்து வரும்போதும் ஆட்டோவில் கேட்டார்.

"ஒனக்கு... யாரு மடி குடுத்தா?"

"நீங்கதான் மாமா."

"நானா?" என்று தன் மடியைக் குனிந்து பார்த்தார். "அழுதியா?"

"அம்புட்டு அழுதேன்."

சிரித்தார். அப்புறம் என்ன ஆச்சு என்பது மாதிரி முகத்தைத் தூக்கிக் காத்திருந்தார். அவர் எப்போதும் அந்த இடத்தில் வந்து நிற்பார். அத்தை இருந்தவரை அதற்குப் பதில் சொல்வது அத்தைதான். அத்தை என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும், அதனால் அதையே சொன்னேன்.

"அப்புறம் எல்லாரும் கறிச்சோறு சாப்பிட்டு வீட்டுக்கு வந்துட்டோம் மாமா."